அந்த மகளுக்கு எவ்வளவு தெரியும்?

நீங்கள் எழுதிக்கொண்டிருக்கும் நாவலைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நல்ல உடம்போடு பிறந்த மகளை நோயாளி என்று ஒரு தாய் ஊரையும் டாக்டர்களையும் நம்பவைக்கிறாள். மகளுக்கு 19 வயதாகும்போது உண்மை வெளியே வருகிறது. இதுவரை எழுதியதைப் படித்துப் பார்த்த நண்பர், "இத்தனை டாக்டர்களில் ஒருவர்கூடவா கண்டுபிடிக்க மாட்டார்? தன் உடம்பு எப்படி இருக்கிறது என்று அந்தப் பெண்ணுக்கே தெரியாதா?" என்று கேட்டுவிட்டார். நிஜத்தில் இப்படி நடக்குமா என்பது உங்கள் கேள்வி. நடக்கும், நடந்திருக்கிறது என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் கேள்வியை மறுபடி படித்தபோது, உங்களை உறுத்துவது வேறு என்று தோன்றியது. அந்த மகளுக்கு எவ்வளவு தெரிந்திருக்கும், எப்போது தெரிந்திருக்கும், தெரிந்த பிறகும் ஏன் வாய் திறக்கவில்லை? நாவலின் உயிரே இந்த இடத்தில்தான் இருக்கிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

குழந்தைகள் நல மருத்துவம் படித்து, இங்கிலாந்தின் வடபகுதியில் அரசு மருத்துவமனைகளில் 22 ஆண்டுகள் வேலை பார்த்தேன். மனநல மருத்துவர் இல்லை. தாயின் மனதுக்குள் என்ன ஓடுகிறது என்பதைப் பற்றி நான் சொல்வதெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டது. குழந்தையின் கட்டில் அருகே என்ன நடக்கிறது என்பதை நேரில் பார்த்திருக்கிறேன். இந்த வகைக் கேஸ்களில் சந்தேகம் உறுதியானவை என் கைக்கு வந்தது மிகக் குறைவு. அதில் ஒன்றைப் பின்னால் சொல்கிறேன். யார் என்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முதலில் உறுதியாகத் தெரிந்த பகுதி. 1951-இல் ரிச்சர்ட் ஆஷர் என்ற லண்டன் மருத்துவர், இல்லாத நோயைச் சொல்லிக்கொண்டு மருத்துவமனை மருத்துவமனையாக ஏறி இறங்கி, அறுவை சிகிச்சை வரைக்கும் போகிறவர்களைப் பற்றி 'லான்செட்' இதழில் எழுதினார். வாய்க்கு வந்தபடி அளப்பதற்குப் பேர்போன 18-ஆம் நூற்றாண்டு ஜெர்மானியப் பிரபு மன்சாசனின் பெயரை அந்த நிலைக்கு வைத்தார். 26 ஆண்டுகள் கழித்து, 1977-இல், லீட்ஸ் நகரில் வேலை பார்த்த ராய் மெடோ என்ற குழந்தைகள் மருத்துவர் அதே இதழில் இரண்டு குழந்தைகளைப் பற்றி எழுதினார். அந்தப் பழைய பெயரோடு 'பிறர் வழியாக' என்பதைச் சேர்த்தார். பொய் சொல்கிறவர் ஒருவர், ஊசி ஏறுவது இன்னொருவர் உடம்பில்.

அந்த இரண்டில் ஒன்று தாயும் மகளும்தான். கட்டுரையில் அந்தச் சிறுமிக்கு கேய் என்று பெயர், வயது 6. சிறுநீரில் ரத்தமும் சீழும் வருகிறது என்று குழந்தைப் பருவத்திலிருந்தே சிகிச்சை நடந்தது. 12 முறை மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். மயக்க மருந்து கொடுத்துச் சிறுநீர்ப்பைக்குள் கருவி விட்டுப் பார்த்திருக்கிறார்கள், எக்ஸ்ரே மேல் எக்ஸ்ரே, ஒன்று மாற்றி ஒன்றாக ஆன்டிபயாட்டிக்குகள். காரணம் மட்டும் கிடைக்கவில்லை. தாய் வார்டிலேயே மகளோடு தங்கியிருந்தார், எல்லோரிடமும் நன்றியோடு பேசினார். கடைசியில் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். நர்ஸ் பக்கத்தில் நின்று பிடித்த சிறுநீரில் ஒன்றுமே இல்லை. தாய் பிடித்துக் கொண்டுவந்த சிறுநீரில்தான் ரத்தம் இருந்தது. தாய் தன்னுடையதை மகளுடையதோடு கலந்துகொண்டிருந்தார். இத்தனை வருடப் பரிசோதனைகளுக்கும் விடையாக வந்தது, புட்டியை யார் பிடித்தார்கள் என்ற ஒரு சின்ன விவரம். இரண்டாவது குழந்தை ஒரு பையன். உப்பு கொடுக்கப்பட்டு, அந்தக் குழந்தை இறந்தே போனது.

பெயர் இப்போது பலமுறை மாறிவிட்டது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் 2013-ஆம் ஆண்டுக் கையேட்டில், பிறர்மேல் சுமத்தும் போலி நோய்க் கோளாறு என்று இருக்கிறது. அந்த நோய்ப்பெயர் ஏமாற்றும் பெரியவருக்கு உரியது, குழந்தைக்கு அல்ல. குழந்தைகள் மருத்துவர்களில் பலர் தாயின் மனதுக்குள் போகாமல், மருத்துவத்தின் வழியாக நடக்கும் குழந்தை வதை என்று நேராகச் சொல்வதையே விரும்புகிறார்கள். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது.

டாக்டர்கள் எப்படி ஏமாறுகிறார்கள் என்பதை உங்கள் நண்பருக்காக விரிவாகச் சொல்ல வேண்டும். குழந்தை மருத்துவத்தில் நோயைப் பற்றி நமக்குக் கிடைக்கும் தகவலில் பெரும்பகுதி தாயின் வாயிலிருந்து வருகிறது. "ராத்திரி இரண்டு மணிக்குக் கண் சொருகிடுச்சு, கை கால் வெட்டி இழுத்துச்சு" என்று ஒரு தாய் சொன்னால், அந்த இரண்டு மணிக்கு நான் அங்கே இல்லை. மூளை அலைகளைப் பதிவுசெய்யும் இஇஜி எடுத்தால் அது சாதாரணமாக இருக்கலாம். இஇஜி நன்றாக இருப்பதால் வலிப்பு நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. பாடப்புத்தகமே அப்படித்தான் சொல்கிறது. இல்லை என்று நிரூபிக்கும் பரிசோதனை வலிப்புக்குக் கிடையாது. ஆகவே தாய் சொன்னதை எழுதிக்கொள்கிறேன், மருந்து எழுதித் தருகிறேன். அடுத்த டாக்டர் என் கடிதத்தைப் படிக்கிறார். அதில் 'வலிப்பு நோய் உள்ள குழந்தை' என்று இருக்கிறது. தாய் சொன்ன வாக்கியம் இப்போது மருத்துவரின் வாக்கியமாகிவிட்டது. மூன்றாவது ஊருக்குப் போகும்போது அது யார் வாயிலிருந்து முதலில் வந்தது என்று எவருக்கும் தெரியாது. 'அம்மா சொன்னதை நம்பு' என்பது எங்களுக்கு முதல் வருடத்திலேயே கற்றுத்தரும் பாடம், அது நல்ல பாடமும்கூட. ஆயிரக்கணக்கான குழந்தைகள் அந்தப் பாடத்தால் பிழைத்திருக்கிறார்கள். இந்த ஏமாற்று வேலை அந்த நல்ல பாடத்தின் தோளில் ஏறித்தான் உள்ளே வருகிறது.

உங்கள் கதையில் வரும் தாய் ரகசியமாக விஷம் கலக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியும் நடந்திருக்கிறது. ஆனால் பெரும்பாலும் அதற்கு அவசியமே இருப்பதில்லை. இருக்கும் ஒன்றைப் பெரிதாக்கிச் சொன்னால் போதும். மீதியை நாங்களே செய்துவிடுவோம். ஊசி போடுவது, வயிற்றில் துளை போட்டு உணவு செலுத்தும் டியூப் வைப்பது, வலிப்பு மருந்தைக் கூட்டுவது எல்லாம் எங்கள் கை. வெளியாகியிருக்கும் 451 கேஸ்களை மேரி ஷெரிடன் என்ற ஆய்வாளர் 2003-இல் தொகுத்துப் பார்த்தார். நோய் என்று சொல்லத் தொடங்கியதிலிருந்து உண்மை தெரியவரும்வரை சராசரியாக 22 மாதங்கள் ஆகியிருந்தன. நான்கில் மூன்று பங்குக்கும் மேல் செய்தவர் தாய். ஆறு சதவீதக் குழந்தைகள் இறந்திருந்தார்கள். இவை பத்திரிகையில் எழுதும் அளவுக்குத் தீவிரமான கேஸ்கள் என்பதை மறக்கக் கூடாது. எழுதப்படாமல் போனவற்றின் கணக்கு எவரிடமும் இல்லை. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 1990-களில் எடுத்த கணக்கில், 16 வயதுக்கு உட்பட்ட ஒரு லட்சம் குழந்தைகளுக்கு ஆண்டுக்கு 0.5 என்று வந்தது. ஒரு வயதுக்குள் அது 2.8. அரிது என்பது உறுதி. எவ்வளவு அரிது என்பதில்தான் சந்தேகம்.

என் கேஸைச் சொல்கிறேன். 8 வயதுச் சிறுமி. வலிப்பும் வாந்தியும் என்று வேறொரு ஊரிலிருந்து எங்களிடம் அனுப்பினார்கள். தாய் ஒரு நோட்டு வைத்திருந்தார். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, தேதி, நேரம், என்ன நடந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார். அந்த நோட்டைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன். இவ்வளவு ஒழுங்கான தாய் கிடைப்பது எங்கள் தொழிலில் வரம். நான் ஒரு முறைகூடக் கண்ணால் பார்க்காத வலிப்புக்கு இரண்டு தடவை மருந்தின் அளவைக் கூட்டினேன். அந்த மருந்தில் அவள் தூங்கி வழிந்தாள், நடக்கும்போது தடுமாறினாள், பசி போய்விட்டது. நோய் முற்றுகிறது என்று நினைத்தேன். இன்றுவரை அந்த இரண்டு மருந்துச்சீட்டுகளும் என் மனதை விட்டுப் போகவில்லை.

கண்டுபிடித்தது நான் இல்லை. ராத்திரி வேலை பார்த்த ஒரு நர்ஸ். 11 நாட்கள் வார்டில் இருந்தும் ஒரு வலிப்பைக்கூட ஊழியர் யாரும் பார்க்கவில்லை. எல்லாமே திரைச்சீலை மூடியிருந்தபோது வந்தவை. இது அவருக்கு உறுத்தியிருக்கிறது. அப்புறம் இன்னொன்றையும் கவனித்தார். குழந்தையிடம் எதைக் கேட்டாலும் அவள் முதலில் தாயின் முகத்தைப் பார்க்கிறாள், பிறகுதான் பதில் சொல்கிறாள். ஒரு நாள் காலை தாய் குளிக்கப் போயிருந்த நேரம். தலை சுற்றுகிறதா என்று நர்ஸ் சாதாரணமாகக் கேட்டிருக்கிறார். அந்தச் சிறுமி, "அம்மா வரட்டும், கேட்டுச் சொல்றேன்" என்றாளாம். நர்ஸ் அதைக் கேஸ் ஷீட்டில் அப்படியே எழுதிவைத்திருந்தார். காலை ரவுண்ட்ஸில் நான் அதைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் அடுத்த கட்டிலுக்குப் போகவில்லை.

உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் கிட்டத்தட்ட இதுதான். அந்தக் குழந்தை பொய் சொல்லவில்லை, பயந்து மறைக்கவும் இல்லை. தன் தலை சுற்றுகிறதா என்பது தாய்க்குத் தெரிந்த விஷயம் என்றே அவள் வளர்ந்திருந்தாள். யோசித்துப் பாருங்கள், நாம் எல்லோருமே அப்படித்தானே கற்றுக்கொண்டோம்? வயிற்றுக்குள் ஏதோ செய்கிறது, "பசிக்குதா கண்ணு?" என்று அம்மா கேட்கிறார், அதற்குப் பசி என்று பெயர் என்று அன்று தெரிகிறது. வலி, குளிர், மயக்கம், தூக்கம் எல்லாவற்றுக்கும் பெயர் வைத்துத் தந்தவர் அவர். அந்த அகராதியையே ஒருவர் தவறாக எழுதிக் கொடுத்துவிட்டால், குழந்தை எதைக் கொண்டு சரிபார்க்கும்? இது என் அனுபவத்திலிருந்து நான் எடுத்துக்கொண்ட விளக்கம், ஆய்வில் நிறுவப்பட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் இன்னொன்று உறுதி. பொய் நோய்க்குக் கொடுக்கும் மருந்து பொய் இல்லை. வலிப்பு மருந்து நிஜமாகவே தள்ளாட வைக்கும். வருடக்கணக்கில் சக்கர நாற்காலியில் இருந்தால் கால் தசைகள் நிஜமாகவே மெலியும். டியூப் வழியாகவே சாப்பிட்டுப் பழகிய குழந்தைக்கு வாயில் சோறு வைத்தால் ஓங்கரிக்கும். ஆக, 'நான் நோயாளிதானா?' என்று அவள் தன் உடம்பையே சாட்சிக்குக் கூப்பிட்டாலும், உடம்பு தாயின் பக்கம்தான் சாட்சி சொல்லும்.

வயது ஏறும்போது என்ன ஆகிறது என்பதற்கு, உலகம் முழுக்கத் தெரிந்த ஜிப்சி ரோஸ் பிளாஞ்சர்டின் வாழ்க்கையைப் பாருங்கள். நீங்களும் அதை மனதில் வைத்துத்தான் எழுதுகிறீர்கள் என்று நினைக்கிறேன். 1991-இல் அமெரிக்காவின் லூசியானாவில் பிறந்தவர். ரத்தப் புற்றுநோய், தசை நலிவு நோய், வலிப்பு, ஆஸ்துமா, வயதுக்கேற்ற அறிவு வளர்ச்சி இல்லை என்று அவருடைய தாய் டீ டீ சொல்லிவந்தார். தலையை மொட்டையடித்து, சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, வயிற்றில் டியூப் பொருத்தி, எச்சில் சுரப்பிகளையே எடுக்கும் அளவுக்குச் சிகிச்சைகள் நடந்தன. 2005-இல் கத்ரீனா புயல் வந்தது. பழைய மருத்துவ ஆவணங்களெல்லாம் வெள்ளத்தோடு போய்விட்டன என்று தாய் சொல்ல, புது மாநிலத்தில் அதை யாராலும் மறுக்க முடியவில்லை. மிசௌரி மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் 2008-இல் ஒரு தொண்டு நிறுவனம் அவர்களுக்கு வீடே கட்டிக்கொடுத்தது, வாசலில் நாற்காலி ஏற சரிவுப் பாதையோடு.

யாருமே சந்தேகப்படவில்லை என்பது சரியில்லை. 2007-இல் ஒரு குழந்தை நரம்பியல் மருத்துவர் பரிசோதித்துவிட்டு, இந்தப் பெண்ணால் நடக்க முடியாததற்குக் காரணமே தெரியவில்லை என்று கண்டார். பழைய டாக்டரைத் தொடர்புகொண்டு பேசினார். தசைத் திசுப் பரிசோதனையில் நோய் இல்லை என்று முன்பே வந்திருந்ததைத் தெரிந்துகொண்டார். பிறர் வழி மன்சாசன் நிலையாக இருக்க வலுவான வாய்ப்பு உண்டு என்று குறிப்பில் எழுதியும் வைத்தார். தாய் அதற்குப் பிறகு அவரிடம் போகவில்லை. அவரும் அரசுத் துறைக்குப் புகார் கொடுக்கவில்லை. 2009-இல் யாரோ பெயர் சொல்லாமல் போலீஸுக்குத் தகவல் தந்தார்கள். போலீஸ் வந்து பார்த்தது, தாய் சொன்ன விளக்கத்தைக் கேட்டுக்கொண்டு திரும்பிப் போனது. ஆகவே உங்கள் நண்பரிடம் தாராளமாகச் சொல்லுங்கள்: கண்டுபிடிப்பது ஒன்று, தடுப்பது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் எட்டு வருடங்கள் ஓடியிருக்கின்றன.

இந்தக் கதையில் என்னைத் தூங்கவிடாத விவரம் ஒன்று உண்டு. ஜிப்சிக்கு 18 வயது நிறைந்த நாளில், பிரிந்து வாழ்ந்த தகப்பனார் வாழ்த்துச் சொல்லப் போன் செய்தார். தாய் குறுக்கிட்டு, வயதைப் பற்றி எதுவும் பேசிவிடாதீர்கள், தனக்கு 14 வயது என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்றார். தகப்பனார் அதற்குச் சம்மதித்தார். மகளின் நிலைமைக்கு அதுதான் நல்லது போலிருக்கிறது என்று அவர் நினைத்தார். ஒரு பெண்ணின் வாழ்க்கையிலிருந்து நான்கு வருடங்கள் ஒரு போன் உரையாடலில் காணாமல் போயின. உங்கள் நாவலில் தகப்பன் பாத்திரத்தை இரண்டு வரியில் கொன்றுவிட்டீர்கள். அவரை உயிரோடு விட்டுவைக்கச் சொல்வேன். தூரத்தில் இருந்துகொண்டு, பணம் அனுப்பிக்கொண்டு, நல்ல மனதோடு நம்புகிற ஒரு தகப்பன், விஷப்புட்டியைவிட அதிகமாகப் படிப்பவரைப் பதறவைப்பார்.

சரி, ஜிப்சிக்கு எவ்வளவு தெரியும்? பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். தன்னால் நடக்க முடியும் என்பது தெரியும். வாயால் சாப்பிட முடியும் என்பதும் தெரியும். ஆனால் புற்றுநோய் இருப்பதை நிஜம் என்றே நம்பினார். இதுதான் நான் உங்களிடம் வலியுறுத்திச் சொல்ல விரும்புவது. தெரியும், தெரியாது என்று இரண்டு அறைகள் இல்லை. காலைப் பற்றித் தெரியும், ரத்தத்தைப் பற்றித் தெரியாது, வயதைப் பற்றிக் குழப்பம். கால் விஷயத்தில் அம்மா பொய் சொல்கிறார் என்று தெரிந்தவுடன் ரத்தத்தின் விஷயத்திலும் சந்தேகம் வர வேண்டாமா என்று நீங்களும் நானும் கேட்கலாம். அந்த வீட்டில் வளர்ந்த பெண் அப்படிக் கூட்டிக் கழிப்பதில்லை. நாற்காலியில் உட்கார்வது அம்மாவுக்காகச் செய்யும் ஒரு காரியம், புற்றுநோய் டாக்டர்கள் சம்பந்தப்பட்டது. டாக்டர்களிடம் பேசும்போது தாய் தன் கையைப் பிடித்திருப்பார், பேசக் கூடாததைப் பேசப்போனால் அழுத்துவார் என்றும் சொல்லியிருக்கிறார். 2011-இல் ஒருமுறை தப்பி ஓடினார். தாய் கண்டுபிடித்துக் கூட்டிவந்து கணினியைச் சுத்தியலால் உடைத்ததாகவும், தன்னைக் கட்டிலோடு கட்டிவைத்ததாகவும் சொன்னார். இவையெல்லாம் மகளின் தரப்பு. தாயின் தரப்பைக் கேட்க வழியில்லை. 2015 ஜூனில், ஜிப்சி இணையத்தில் பழகிய இளைஞன் அந்த வீட்டுக்குள் வந்து டீ டீயைக் கத்தியால் குத்திக் கொன்றான். அவனை வரச்சொன்னது மகள். 2016-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 10 ஆண்டு தண்டனை பெற்றார், 2023 டிசம்பர் 28 அன்று பரோலில் வெளியே வந்தார். அந்த இளைஞனுக்கு ஆயுள் தண்டனை. அம்மாவோடு இருந்ததைவிடச் சிறையில் சுதந்திரமாக இருப்பதாக உள்ளே இருந்தபோது அவர் கொடுத்த பேட்டியைப் பார்த்திருப்பீர்கள்.

தாய் ஏன் இதைச் செய்கிறார் என்பதற்கு வந்தால், தரை உறுதியாக இல்லை. கிரெகரி யேட்ஸ், கிறிஸ்டோஃபர் பாஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2017-இல், இதைச் செய்த 796 பேரின் கேஸ்களைத் தொகுத்தார்கள். கிட்டத்தட்ட எல்லோரும் பெண்கள், பெரும்பாலும் தாய்மார்கள். பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் மருத்துவம் சார்ந்த வேலையில் இருந்தவர்கள். சுமார் 30 சதவீதம் பேர் தங்கள் உடம்பிலும் பொய் நோய் காட்டியவர்கள். கணக்கு இவ்வளவு சொல்கிறது, காரணம் சொல்வதில்லை. சிறுவயதில் பட்ட துன்பம், கவனிப்புக்கான ஏக்கம், டாக்டர்களோடு ஒரு விசித்திரமான பிணைப்பு என்று பல விளக்கங்கள் உண்டு. பிடிபட்ட பிறகும் பெரும்பாலானவர்கள் ஒப்புக்கொள்வதில்லை, அதனால் எந்த விளக்கத்தையும் அவர்கள் வாயால் சரிபார்க்க முடிவதில்லை. டீ டீக்கு இந்த நோய்ப்பெயரைப் பரிசோதித்து வைத்த மருத்துவர் எவரும் இல்லை. வீடும் நன்கொடையும் கிடைத்திருப்பதால், அது எவ்வளவு தூரம் மனக்கோளாறு, எவ்வளவு தூரம் நேரான மோசடி என்பதும் தீராத கேள்விதான். உங்கள் நாவலில் 23-ஆம் அத்தியாயம் முழுக்கத் தாயின் சிறுவயதைச் சொல்லி எல்லாவற்றையும் விளக்கப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டால் கதை இன்னும் உண்மையாக இருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையானவன் இல்லை. இந்தச் சந்தேகம் பொய்யாகவும் போகும், போனால் ஒரு குடும்பமே அழிந்துவிடும். கேயைப் பற்றி எழுதிய அதே ராய் மெடோ, 1999-இல் சாலி கிளார்க் என்ற பெண்ணின் மேல் நடந்த கொலை வழக்கில் சாட்சி சொன்னார். அந்தப் பெண்ணின் இரண்டு ஆண் குழந்தைகள் கைக்குழந்தைகளாக இருந்தபோதே இறந்திருந்தன. ஒரே குடும்பத்தில் இரண்டும் இயற்கையாக நடக்க 7.3 கோடியில் ஒரு வாய்ப்புத்தான் உண்டு என்றார். ஒரு குழந்தை அப்படி இறக்க 8,543-இல் ஒரு வாய்ப்பு என்று வைத்து, 8,543-ஐ அதே எண்ணால் பெருக்கி வந்த கணக்கு அது. ஒரு குடும்பத்தில் ஒரு சாவு நடந்தால் அதே மரபும் அதே வீடும் அடுத்த குழந்தைக்கும் உண்டு என்பதை அந்தக் கணக்கு மறந்துவிட்டது. அந்தத் தாய் மூன்று ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்து, 2003-இல் விடுதலையாகி, 2007-இல் இறந்துபோனார். மெடோவின் பெயர் 2005-இல் மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது, அடுத்த ஆண்டு நீதிமன்றம் அந்த முடிவை மாற்றியது. கேய் விஷயத்தில் அவர் பார்த்தது சரி, சாலி விஷயத்தில் சொன்னது தவறு. இரண்டும் ஒரே மனிதர் செய்தவை என்பதை எங்கள் துறையில் இருப்பவர்கள் தினமும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

எனக்கும் அப்படி ஒரு கடன் இருக்கிறது. 14 வயது மகளைக் கூட்டிக்கொண்டு ஒரு தாய் திரும்பத் திரும்ப வந்தார். வயிற்றுவலி, வாந்தி, சோர்வு, எடை குறைகிறது என்றார். கையில் இணையத்திலிருந்து எடுத்த தாள்கள் ஒரு கட்டு. முன்பு சொன்ன சிறுமியின் நினைப்பு என்னை ஆட்டிக்கொண்டிருந்த காலம் அது. தாயின் கவலைதான் முதன்மைப் பிரச்சினை என்று ஃபைலில் எழுதினேன். சில மாதங்கள் கழித்து அந்தப் பெண் சாதாரணக் காய்ச்சலில் சுருண்டு விழுந்து தீவிர சிகிச்சைக்குப் போனாள். அட்ரீனல் சுரப்பிகள் வேலை செய்யாத அடிசன் நோய். பிழைத்துக்கொண்டாள். நான் அந்தத் தாயிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். "நீங்க எழுதினதை நான் படிச்சேன் டாக்டர்" என்று மட்டும் சொன்னார். பிரிட்டனில் குழந்தைகள் நல மருத்துவர்களின் தொழில் அமைப்பான ராயல் கல்லூரி 2021-இல் கொடுத்த வழிகாட்டுதலில், ஆபத்து உடனடியாகத் தெரியாத இடத்தில் இதைப் 'புதிரான நோய்த்தோற்றம்' என்று மட்டும் சொல்லச் சொன்னார்கள். குற்றம்சாட்டும் முன் எல்லா மருத்துவர்களின் தகவலையும் ஒரே இடத்தில் கூட்டி, குழந்தையால் நிஜத்தில் என்ன செய்ய முடிகிறது என்று பார்க்கச் சொன்னார்கள். என் அனுபவத்துக்கு அது மிகவும் நியாயமாகத் தெரிந்தது. ஒரு யோசனை: உங்கள் கதையின் நடுவில் படிப்பவருக்கே, 'ஐயோ, இந்தத் தாய் சொல்வது நிஜமோ?' என்று ஒருமுறை தோன்ற வேண்டும். அந்தப் பயம் வராவிட்டால் டாக்டர்கள் முட்டாள்களாகத்தான் தெரிவார்கள்.

கடைசியாக, உண்மை தெரிந்ததும் மகள் தாயை வெறுப்பதாக எழுதினால் சரியாக வருமா என்று கேட்டிருந்தீர்கள். ஜூடித் லிபோ என்ற உளவியலாளர் 1995-இல், குழந்தையாக இதை அனுபவித்து வளர்ந்த 10 பேரிடம் பேசி எழுதினார். பத்துப் பேரை வைத்துப் பொதுவாக எதையும் சொல்லிவிட முடியாது. ஆனாலும் அவர்களிடம் கோபத்தைவிட ஆழமாக இருந்தது, எது நிஜம் என்பதில் தங்களையே நம்ப முடியாத தவிப்பு. டாக்டரிடம் போகவே பயந்தவர்களும் இருந்தார்கள்.

நான் பார்த்த சிறுமிக்கு மருந்தை வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தோம். நீதிமன்ற உத்தரவால் தாய் அப்போது வார்டுக்கு வர முடியாது. குழந்தை தெளிந்தாள், தடுமாறாமல் நடந்தாள், தட்டில் வைத்ததைச் சாப்பிட்டாள். பகலெல்லாம் விளையாடிக்கொண்டிருப்பாள். சாயங்காலம் ஆறரை மணிக்குமேல் அழத் தொடங்குவாள். தாய் நோட்டை விரித்துவைத்து அன்றைய நாளை எழுதும் நேரம் அது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பது அவளுக்கு வழக்கம். ராத்திரி வேலை பார்த்த அதே நர்ஸ் ஒரு நாள், படம் வரையட்டும் என்று புது நோட்டும் பேனாவும் வாங்கிக் கொடுத்தார். அவள் படம் வரையவில்லை. ஸ்கேல் கேட்டு வாங்கி, அம்மா போடுவதைப் போலவே கோடு போட்டாள். முதல் கட்டத்தில் தேதி எழுதினாள், இரண்டாவதில் நேரம் எழுதினாள். மூன்றாவது கட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்று நர்ஸைக் கேட்டாள்.